சுக்கான் கனத்தால் திருகை முறுக்கலாமா?

மாரிகாலத்தில் கிரான் – புலிபாய்ந்தகல் வீதியை வெள்ளம் மேவும்போது மக்களை ஏற்றியிறக்குபவை உழவு இயந்திரங்களும் படகுகளுமே. அவ்வேளையில் உழவு இயந்திரத்தின் சுக்கான் திரும்ப மறுத்தால் ஆபத்துக்குள்ளாவது ஓட்டுநர் மாத்திரமல்லர்.

நீரியல் சுக்கான் கனத்தவுடன் அமுக்கத்தை உயர்த்தும் திருகை முறுக்கிவிடுவோர் உளர். இது நோயறியாது மருந்து கொடுப்பதற்கு ஒப்பானதாகும். முதலில் எண்ணெய் மட்டம், வடிகட்டி, டயர்க் காற்று என்பவற்றைப் பார்த்தல் வேண்டும். அடுத்து, எண்ணெய் சூடேறும்வரை இயக்கி, இயந்திரத்தை நிறுத்தி, அமுக்கமானியைப் பொருத்த வேண்டும். பின்னர் கையேடு கூறும் வேகத்தில் இயக்கி, சுக்கானை ஒருபுறம் முழுமையாகத் திருப்பிச் சில விநாடிகள் மட்டுமே பிடித்து அளவைக் குறித்தல் வேண்டும். நீடித்தால் எண்ணெய் மிகையாகச் சூடேறிப் பம்பி பழுதாகக்கூடும். மறுபுறமும் இவ்வாறே அளக்க வேண்டும்.

அளவு குறைந்திருந்தால் மாத்திரமே திருகைச் சிறிது சிறிதாகத் திருப்பி, ஒவ்வொரு தடவையும் மீண்டும் அளக்க வேண்டும். அப்போதும் உயராவிடின் பழுது பம்பியிலோ வால்விலோ சிலிண்டரிலோ இருக்கலாம். திருகு அதனைத் தீர்க்காது. கையேட்டின் அளவை மீறினால் குழாய் வெடிக்கக்கூடும். கசிவைக் கையால் தடவிப் பார்த்தலும் ஆகாது. மெல்லிய எண்ணெய்த் தாரை தோலைத் துளைத்து உட்புகும்.

கிரானிலும் ஓட்டமாவடியிலும் உழவு இயந்திரம் வைத்திருப்போர் இச்சோதனையை மழைக்கு முன்னரே முடித்துக்கொள்வது நன்று. வெள்ளத்தின் நடுவே அமுக்கமானியைத் தேடிப் பயனில்லை.