சர்ட்டிபிகேட்டும் மட்டப்பலகையும்

ஒரு கம்பெனி வாசலில் 'ஐ.எஸ்.ஓ. 9001' என்று போர்டு தொங்கினால், உள்ளே கட்டுகிற சுவரும் நேராகத்தான் இருக்கும் என்று நினைக்கிறோம் இல்லையா? நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். பயிற்சிக்குப் போன சைட்டில் அலமாரி நிறைய ஃபைல், எல்லாவற்றிலும் கையெழுத்து. ஆனால் பதித்த டைல்ஸைத் தட்டினால் பல இடத்தில் 'டொக் டொக்'! சூப்பர்வைசரிடம் சொன்னேன். "தம்பி, ஃபைல் ஆடிட்டருக்கு, தட்டுறது வீட்டுக்காரருக்கு" என்றார் சிரித்துக்கொண்டே.

குற்றம் ஐ.எஸ்.ஓ. மேல் இல்லை. 1987ல் வெளிவந்த அந்தத் தரநிலை கேட்பதெல்லாம் வேலைக்கு முறை உண்டா, யார் பொறுப்பு, தப்பு நடந்தால் திரும்ப வராமல் என்ன செய்தீர்கள் என்பதைத்தான். சுவர் எத்தனை மில்லிமீட்டர் வளையலாம் என்று அது சொல்லாது.

அதைச் சொல்வது 'கான்குவாஸ்'. 1989ல் சிங்கப்பூர் அரசின் கட்டுமானத் தொழில் வளர்ச்சி வாரியம் கொண்டுவந்த மதிப்பெண் முறை. 1.2 மீட்டர் மட்டப்பலகையைச் சுவரில் வைத்தால் இடைவெளி 3 மி.மீ.க்கு மேல் போகக்கூடாது. டைல்ஸைத் தட்டியும் பார்ப்பார்கள். இதில் எனக்குப் பிடித்த விதி ஒன்று உண்டு. முதல் தடவை பார்த்ததுதான் மார்க். பிறகு உடைத்துச் சரிசெய்தாலும் மறு மார்க் கிடையாது. நம்ம அரியர் சலுகை அங்கே செல்லாது!

ஆனால் கான்குவாஸ் பார்ப்பது சாம்பிள் இடங்களை மட்டும். சாம்பிளில் விழாத அறையை யார் பார்ப்பது? அங்கேதான் ஐ.எஸ்.ஓ. வேண்டும். 'சரி / சரியில்லை' என்று டிக் அடிக்கிற செக்லிஸ்ட்டில் அந்த 3 மி.மீ.யை எழுதிவிட்டால், கண்ணை மூடிக் கையெழுத்துப் போட முடியாது. டைல்ஸ் டொக்கு விழுந்ததா? அதை மாற்றிவிட்டு நிற்காமல் காரணம் தேட வேண்டும். நாலு மூலையிலும் நடுவிலும் மட்டும் கலவை உருண்டை வைத்து ஒட்டினார்களா, பரப்பிய பசை காய்ந்து ஆடை கட்டிய பிறகு பதித்தார்களா என்று கண்டுபிடித்து, அடுத்த மாடி தொடங்குமுன் கொத்தனாரிடம் சொல்லவேண்டும். ஃபைலில் எழுதவேண்டியது இதைத்தான்.

திரும்பி வந்ததும், நம்ம ஒர்க்‌ஷாப்பில் பூசிப் பழகும் சுவரில் நாலு பேர் சேர்ந்து மட்டப்பலகை வைத்துப் பார்த்தோம். 3 மி.மீ.க்குள் வந்தது ஒரே ஒரு இடம். அதுவும் யார் பூசியது என்று இன்னும் சண்டை ஓயவில்லை.