சேப்பாக்கத்தின் மூன்று வாசல்கள்

திருவட்டாறு என்றதும் ஆதிகேசவப் பெருமாள் நினைவுக்கு வருவார். ஊரை வட்டமிட்டு ஓடும் கோதையாறும் பரளியாறும் நினைவுக்கு வரும். கிரிக்கெட்டு என்னும் பந்தாட்டம் யாருக்கும் நினைவுக்கு வராது. ஆயினும், பெருமாளைச் சேவித்துவிட்டு ஆற்றங்கரைப் பக்கமாக நடந்துகொண்டிருந்த நம்மை ஒரு மாலை வேளையில் ஒரு சிறுவன் மடக்கியது கிரிக்கெட்டைப் பற்றித்தான்.

வாழை வெட்டியெடுத்த நிலம் ஒன்றில் ஏழெட்டுப் பிள்ளைகள் ஆடிக்கொண்டிருந்தார்கள். மூன்று கமுகுக் கம்புகள் விக்கெட்டு. செதுக்கிய தென்னை மட்டையே பந்தடிக்கும் மட்டை. எல்லை கடந்து நம் காலடியில் வந்து விழுந்த ரப்பர்ப் பந்தை எடுக்க ஓடிவந்தவனுக்குப் பத்து வயது இருக்கலாம். பந்தைக் கையில் வாங்கிக்கொண்டவன் உடனே திரும்பவில்லை.

"மாமா, லார்ட்ஸ் மைதானம் என்றால் சீமையிலே பிரபுக்கள் மட்டும் விளையாடுகிற இடமா?" என்று கேட்டான்.

"இல்லை, மக்களே. லார்ட் என்பது ஒரு மனிதருடைய பெயர். அவர் பிரபுவும் அல்ல, ஜமீன்தாரும் அல்ல. திராட்சை மது விற்ற வியாபாரி" என்றோம்.

"நம்முடைய பெரிய மைதானம் எது?"

"சென்னையிலே சேப்பாக்கம்."

"அங்கே யார் வேண்டுமானாலும் போய் விளையாடலாமா?"

இந்தக் கேள்விக்குச் சட்டென்று பதில் சொல்ல முடியவில்லை. அதற்குள் தோழர்கள் கூச்சலிடவே, பையன் பந்துடன் ஓடிவிட்டான். அவனுக்குச் சொல்லாமல் விட்ட பதிலைத்தான் இங்கே நேயர்களுக்குச் சொல்லப் போகிறோம்.

லார்ட்ஸின் கதை

முதலில் அவன் கேட்ட லார்ட்ஸைப் பார்த்துவிடுவோம். தாமஸ் லார்ட் என்பவர் 1787-ல் லண்டனில் ஒரு மைதானத்தை அமைத்தார். மேரிலபோன் கிரிக்கெட்டுக் கழகம் பிறந்ததும் அதே ஆண்டில்தான். அந்த இடத்தை விட்டு இன்னோர் இடத்துக்குப் போனார்; அங்கே கால்வாய் வெட்ட வந்துவிட்டார்கள். மூன்றாவதாக 1814-ல் அவர் அமைத்ததே இன்று உலகம் அறிந்த லார்ட்ஸ் மைதானம். ஒரு பக்கத்திலிருந்து மறு பக்கத்துக்கு ஏறக்குறைய எட்டடி சரிவு இருப்பது அதன் விசேஷம். சமதளம் என்று எண்ணிப் பந்து போடுகிறவர்களை அந்தச் சரிவு ஏமாற்றிவிடும். 1890-ல் கட்டி முடிந்த செங்கல் மண்டபம் இன்றும் அங்கே நிற்கிறது.

லார்ட்ஸில் முன்பு இன்னொரு விசேஷமும் இருந்தது. பொழுதுபோக்குக்காக ஆடிய கனவான்கள் ஒரு வாசல் வழியாக ஆடுகளத்துக்கு வருவார்கள். கூலி வாங்கிக்கொண்டு ஆடியவர்களுக்கு வேறு வாசல். ஒரே அணியில், ஒரே நாட்டுக்காக ஆடுகிறவர்களுக்குள்தான் இந்தப் பேதம்! கனவான், கூலிக்காரர் என்ற பாகுபாட்டை இங்கிலாந்து 1962-ல்தான் கைவிட்டது. மேரிலபோன் கழகம் பெண்களை அங்கத்தினராகச் சேர்க்கத் தீர்மானித்ததோ 1998-ல்.

ஆகவே மைதானத்தின் பெருமையைப் புல்லைப் பார்த்து மட்டும் அறிய முடியாது, வாசலையும் பார்க்கவேண்டும். திருவட்டாற்றுக்காரர்களுக்கு இதை விளக்கவேண்டியதில்லை. சயனத் திருக்கோலத்தில் இருக்கும் ஆதிகேசவனை ஒரே வாசலில் நின்று முழுதும் தரிசிக்க முடியாது. மூன்று வாசல்களிலும் நின்று பார்த்தால்தான் திருமுடி முதல் திருவடி வரை காணலாம். சேப்பாக்கத்தையும் அப்படியே மூன்று வாசல்களில் நின்று பார்ப்போம்.

முதல் வாசல்: நவாபின் தோட்டம்

ஆர்க்காட்டு நவாபு முகம்மது அலி வாலாஜா, கடலோரத்தில் 1768-ல் ஓர் அரண்மனை கட்டினார். கலச மகால், உமாயூன் மகால் என்று இரண்டு மாளிகைகள். அவற்றைச் சுற்றிலும் விசாலமான தோட்டம். 1855-ல் கடைசி நவாபு வாரிசின்றிக் காலமானார். வாரிசில்லாத ராஜ்யங்களை விழுங்குவதில் கும்பினியார் கைதேர்ந்தவர்கள் அல்லவா? நவாபுப் பட்டம் ஒழிந்தது. அரண்மனை 1859-ல் ஏலத்துக்கு வந்தது; அதை எடுத்தது சென்னைச் சர்க்காரே.

சென்னையிலிருந்த ஆங்கிலேயர் 1846-லேயே சென்னைக் கிரிக்கெட்டுக் கழகத்தை ஏற்படுத்தியிருந்தார்கள். தொடக்கத்தில் கோட்டைக்கு அருகிலுள்ள தீவுத்திடலில் ஆடி வந்தார்கள். 1865-ல் நவாபின் தோட்ட நிலத்தில் ஒரு பகுதி அவர்களுக்குக் கிடைத்தது. வேலி எழுந்தது, மண்டபமும் எழுந்தது. லண்டன் கழகத்தைப் போலவே இதற்கும் எம்.சி.சி. என்றே சுருக்கப் பெயர். பெயரோடு வழக்கங்களையும் கப்பலேற்றிக் கொண்டுவந்திருந்தார்கள். லண்டனில் கனவானுக்கும் கூலிக்காரருக்கும் இருந்த பேதம், சென்னையில் வெள்ளையருக்கும் இந்தியருக்குமாக மாறிற்று.

இரண்டாம் வாசல்: மரத்தடிச் சாப்பாடு

அக்காலத்தில் சேப்பாக்கத்தில் பந்தயம் நடந்தால், வெள்ளையர்கள் மண்டபத்தில் அமர்ந்து பகலுணவு அருந்துவார்களாம். அவர்களோடு ஆடவந்த இந்தியர்கள் மரத்தடியில் உட்கார்ந்து சாப்பிடவேண்டுமாம். சென்னைக் கிரிக்கெட்டுச் சரித்திரத்தில் வழிவழியாகச் சொல்லிவரும் செய்தி இது. மைதானத்தில் பந்து தொட்டால் தீட்டில்லை. மண்டபத்தில் தட்டு தொட்டால் தீட்டுப் போலும்!

இதைப் பொறுக்காத ஓர் இளைஞர் இருந்தார். மயிலாப்பூரில் லஸ் மாளிகையில் செல்வத்தில் பிறந்து வளர்ந்த புச்சி பாபு நாயுடு அவர். அவர் சண்டைக்கும் போகவில்லை. விண்ணப்பம் எழுதிக்கொண்டு கைகட்டி நிற்கவும் இல்லை. 1888-ல் 'மதராஸ் யுனைடெட் கிளப்' என்று இந்தியருக்கென ஒரு சங்கத்தை நிறுவினார். அப்போது அவருக்கு வயது இருபதுதான். மட்டையும் பந்தும் வாங்கமுடியாத பிள்ளைகளுக்குத் தம் செலவில் வாங்கித் தந்தார். தம் வீட்டுத் தோட்டத்திலேயே ஆடப் பழக்கினார். சமமாக மதியுங்கள் என்று கேட்பதைவிட, சமமாக ஆடிக் காட்டுவதே மேல் என்பது அவர் கட்சி.

ஐரோப்பியரும் இந்தியரும் எதிரெதிர் அணிகளாக ஆண்டுதோறும் ஆடவேண்டும் என்று அவர் ஏற்பாடு செய்தார். அதைக் கண்ணால் காணக் கொடுத்துவைக்கவில்லை. 1908-ல் நாற்பது வயதில் மறைந்தார். ஆனால் அவர் நட்ட விதை முளைத்தது. பொங்கல் பந்தயம் என்று ஊரார் அழைத்த அந்த மாகாணப் பந்தயம், 1952 வரையில் சேப்பாக்கத்தில் நடந்து வந்தது. கரும்பும் மஞ்சளும் வாங்கிய கையோடு பந்தயத்துக்கு டிக்கெட்டும் வாங்கும் குடும்பங்கள் சென்னையில் பெருகின. புச்சி பாபுவின் குமாரர்களில் ஒருவரான ஸி. ராமஸ்வாமி டென்னிஸில் டேவிஸ் கோப்பைக்காகவும், 1936-ல் கிரிக்கெட்டு டெஸ்டிலும் இந்தியாவின் சார்பில் ஆடினார்.

இதற்கிடையில் சேப்பாக்கம் டெஸ்ட் மைதானமாகிவிட்டது. 1934 பிப்ரவரி 10-ஆந் தேதி, ஜார்டின் தலைமையில் வந்த இங்கிலாந்து அணியுடன் இந்தியா அங்கே முதன்முதலாக ஆடிற்று. அமர் சிங் ஒரே இன்னிங்ஸில் 7 விக்கெட்டுகளைச் சாய்த்தார். ஆனால் ஹெட்லி வெரிட்டியின் சுழற்பந்து நம்மவர்களின் 11 விக்கெட்டுகளை வாரிக்கொண்டு போயிற்று. 202 ரன்களில் தோற்றோம். அவ்வாண்டு நவம்பர் 4-ஆந் தேதி ரஞ்சிக் கோப்பையின் முதற் பந்தயமும் இங்கேயே நடந்தது. எம். ஜே. கோபாலன் முதற் பந்தைப் போட்டார், ஏ. ஜி. ராம் சிங் 11 விக்கெட்டுகளை எடுத்தார். சென்னை அணி மைசூரை ஒரே நாளில் வென்றுவிட்டது.

பிறகு வந்தது 1952. இந்தியா தன் முதல் டெஸ்டை 1932-ல் ஆடியது லார்ட்ஸ் மைதானத்தில்தான். அதன்பின் இருபது ஆண்டுகள், இருபத்துநான்கு பந்தயங்கள், ஒன்றில்கூட ஜயமில்லை. இருபத்தைந்தாவது பந்தயம் சேப்பாக்கத்தில், மறுபடியும் இங்கிலாந்துடன். பிப்ரவரி 6-ஆந் தேதி ஆட்டம் தொடங்கிய அன்றே ஆறாம் ஜார்ஜ் மன்னர் காலமான செய்தி வந்தது. மறுநாள் ஆட்டம் நிறுத்தப்பட்டது. பங்கஜ் ராயும் உம்ரிகரும் சதமடித்தார்கள். வினு மன்காட் சுழற்பந்தால் 12 விக்கெட்டுகளை எடுத்தார். அவர் பந்துக்கு முன்னேறி வந்து ஏமாந்த ஐவரை விக்கெட்டுக் காப்பாளர் சென் கண்மூடித் திறப்பதற்குள் ஸ்டம்ப் செய்தார். பிப்ரவரி 10-ஆந் தேதி, அதாவது சேப்பாக்கத்தில் முதல் டெஸ்ட் தொடங்கிப் பதினெட்டு ஆண்டுகள் நிறைந்த அதே நாளில், இந்தியா ஓர் இன்னிங்ஸும் 8 ரன்களும் வித்தியாசத்தில் வென்றது. மரத்தடியில் சாப்பிடச் சொன்ன மைதானத்திலேயே கிடைத்தது முதல் ஜயம்!

அன்று திருவட்டாறு சென்னை ராஜ்யத்தில் இல்லை, திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்தது. 1956 நவம்பர் 1-ஆந் தேதிதான் தமிழ்நாட்டுடன் இணைந்தது. ஆனால் வாசல் திறப்பது என்றால் என்ன என்பதை இவ்வூரார் அதற்கு முன்பே கண்டவர்கள். 1936 நவம்பர் 12-ஆந் தேதி, திருவிதாங்கூர் மகாராஜா சித்திரைத் திருநாள் ஆலயப் பிரவேசப் பிரகடனத்தை வெளியிட்டார். தலைமுறை தலைமுறையாக மதிலுக்கு வெளியே நின்று கைகூப்பியவர்கள் உள்ளே வந்தார்கள். மண்டபத்துப் பகலுணவும் ஆண்டவன் சந்நிதியும் ஒன்றல்ல. ஆயினும் வெளியே நிறுத்தப்பட்டவன் மனத்தில் எழும் கேள்வி ஒன்றேதான்.

மூன்றாம் வாசல்: ஜனங்கள்

1952-க்குப் பிறகு டெஸ்ட் பந்தயங்கள் சில காலம் நகரசபை விளையாட்டரங்கத்துக்குப் போய்விட்டு, 1967-ல் சேப்பாக்கத்துக்குத் திரும்பின. கிரிக்கெட்டு நிர்வாகியான எம். ஏ. சிதம்பரத்தின் பெயரை மைதானம் பெற்றது. பின்பு நடந்த அற்புதங்களை எண்ணி முடியாது. 1983-ல் கவாஸ்கர் தம் முப்பதாவது சதத்தை இங்கே அடித்து, பிராட்மனின் 29 என்ற எண்ணைக் கடந்தார். 1986-ல் ஆஸ்திரேலியாவுடன் நடந்த டெஸ்ட், கடைசிக்கு முந்திய பந்தில் சரிசமமாக முடிந்தது. டெஸ்ட் சரித்திரத்தில் அத்தகைய முடிவு அது இரண்டாவது முறை. அப்பந்தயத்தில் 210 ரன் எடுத்த டீன் ஜோன்ஸைச் சென்னை வெயில் ஆஸ்பத்திரிக்கே அனுப்பிவிட்டது! சுழற்பந்துக்கு உகந்த மண் என்ற பெயரும் நிலைத்தது. 1988-ல் நரேந்திர ஹிர்வானி தம் முதல் டெஸ்டிலேயே 16 விக்கெட்டுகளும், 2001-ல் ஹர்பஜன் சிங் 15 விக்கெட்டுகளும் எடுத்தார்கள். மத்தியானத்துக்குமேல் மெரினாவிலிருந்து வரும் கடற்காற்றைப் பந்து போடுகிறவர்களும் விரும்புவார்கள். வெயிலில் காய்ந்த ஜனங்களும் விரும்புவார்கள்.

ஆனால் இவை எல்லாவற்றிலும் பெரியது எது என்று கேட்டால், நாம் 1999 ஜனவரி 31-ஆந் தேதியையே சொல்வோம். பாகிஸ்தான் அணி வந்திருந்தது. அந்த வருகையை எதிர்த்து அம்மாதத்தில்தான் டில்லியில் ஆடுகளத்தையே தோண்டிப் போட்டிருந்தார்கள். சென்னையில் இந்தியா ஜயிக்க 271 ரன் தேவை. சச்சின் டெண்டுல்கர் முதுகு வலியோடு போராடி 136 ரன் எடுத்தார். இன்னும் 17 ரன்னே பாக்கி என்ற நிலையில் அவர் அவுட்டானார். மீதி மூன்று விக்கெட்டுகளும் நான்கே ரன்னில் விழுந்தன. 12 ரன்னில் தோல்வி. மைதானம் ஒரு கணம் ஸ்தம்பித்தது. பிறகு ஜனங்கள் எழுந்து நின்று கை தட்டினார்கள். வாசிம் அக்ரமின் அணி மைதானத்தைச் சுற்றி ஓடிவர, கரகோஷம் வாசலுக்கு வாசல் தொடர்ந்தது. தோற்ற ஊர் வென்றவரை வணங்கி அனுப்பியது.

மண்டபத்தில் இடமில்லை என்று சொன்னவர்களுக்குச் சேப்பாக்கம் கொடுத்த உண்மையான பதில் இதுதான். நம்மை வெளியே நிறுத்தினார்கள். நாம் உள்ளே வந்த பிறகு எதிரியையும் வெளியே நிறுத்தவில்லை.

ஆனால் கணக்கு அதோடு தீர்ந்துவிடவில்லை. 2011-ல் புதிதாகக் கட்டிய மூன்று பார்வையாளர் மாடங்கள், கட்டட அனுமதி வழக்கில் பல ஆண்டுகள் பூட்டிக் கிடந்தன. உலகப் பிரசித்தி பெற்ற மைதானத்தில் ஆயிரக்கணக்கான ஆசனங்கள் காலியாகவும், ஜனங்கள் வீதியிலுமாக இருந்த காலம் அது. அந்தப் பூட்டுத் திறந்தது; 2023-ல் புதிய மாடமும் எழுந்தது. இன்று ஏறக்குறைய 38,000 பேர் அமரலாம். ஆயினும் பெரிய பந்தயம் என்றால் டிக்கெட் விலை சாமான்யக் குடும்பத்தை மலைக்க வைக்கிறது. வெள்ளையர் போட்ட வேலி போயிற்று; பணம் போடும் வேலி கண்ணுக்குத் தெரிவதில்லை, அவ்வளவுதான்.

அன்று மாலை திருவட்டாற்றில் நாம் திரும்பும்போது ஆட்டம் முடிந்தபாடில்லை. அங்கே வேலியுமில்லை, வாசலுமில்லை. ஆனால் ஒன்றைக் கவனித்தோம். மட்டைக்குச் சொந்தக்காரனான பையன் மூன்றாம் முறையாக ஆடிக்கொண்டிருந்தான். நம்மிடம் கேள்வி கேட்டவனோ, நாம் பார்த்த வரையில், பந்து பொறுக்க மட்டுமே ஓடிக்கொண்டிருந்தான்.

"மக்களே, அவனுக்கும் ஒரு தடவை மட்டையைக் கொடு" என்றோம்.

மட்டைக்காரன் நம்மை ஏற இறங்கப் பார்த்தான். பிறகு அவனைப் பார்த்தான். மட்டையை நீட்டினான். அவன் ஆடிய முதல் பந்து தூரத்திலிருந்த மரவள்ளித் தோட்டத்தில் போய் விழுந்தது. இந்தத் தடவை அதை எடுக்க ஓடியவன் மட்டைக்காரன்.