கண் சிகிச்சைக்குப் பிறகு எப்போது பாரம் தூக்கலாம்?

பழுத்த செம்பனைக் குலை ஒன்று 20 கிலோவைத் தாண்டலாம். அதை நாள் முழுக்கத் தூக்கி ஏற்றும் தோட்டத் தொழிலாளிக்கும், ஜிம்மில் இரும்பு தூக்கும் அவர் மகனுக்கும் கண்ணைப் பொறுத்தவரை ஆபத்து ஒன்றுதான்.

மூச்சை அடக்காதீர்கள்

கண்ணின் இயல்பான அழுத்தம் 10 முதல் 21 மில்லிமீட்டர் பாதரசம். மூச்சைப் பிடித்து முக்கித் தூக்கினால் நெஞ்சில் அழுத்தம் ஏறி, தலையிலிருந்து இறங்க வேண்டிய இரத்தம் தேங்கும், கண்ணழுத்தமும் கூடும். தலைகீழாக நின்றாலும் அப்படித்தான். சென்னை சங்கர நேத்ராலயா மருத்துவர்களின் 2006ஆம் ஆண்டு ஆய்வில், சிரசாசனத்தின்போது கண்ணழுத்தம் ஏறத்தாழ இரு மடங்கானது.

இனிப்பு நீர் இருந்தால்

2019ஆம் ஆண்டின் தேசியச் சுகாதார ஆய்வின்படி, மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர் இருந்தது. இந்தியர்களில் அது 31.4 விழுக்காடு. எனக்குப் பெரிய கவலை இதுதான். சர்க்கரை பல ஆண்டுகள் கட்டுக்கடங்காமல் இருந்தால், விழித்திரையில் மெல்லிய புது இரத்தக் குழாய்கள் முளைக்கும். கடும் பாரம் தூக்கும்போது அவை வெடித்துக் கண்ணுக்குள் இரத்தம் கசியலாம். அந்தக் கட்டத்தில், மருத்துவர் சம்மதிக்கும்வரை பாரமே வேண்டாம். ஆனால் தொடக்கநிலைப் பாதிப்புக்கு அஞ்சி உடற்பயிற்சியை அடியோடு விடுவதும் தவறு. வேலை செய்யும் தசைதான் இரத்தத்திலுள்ள சர்க்கரையை வாங்கிச் செலவழிக்கிறது.

அறுவைச் சிகிச்சைக்குப் பின்

கண்புரைக்கு இப்போது 2, 3 மில்லிமீட்டர் கீறல் போதும். பொதுவாக முதல் ஓரிரு வாரங்களுக்குப் பாரம் தூக்காமல், தூசியும் வியர்வையும் கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ளச் சொல்வார்கள். விழித்திரை அறுவைக்குக் கூடுதல் காலம் பிடிக்கும். கண்ணுக்குள் வாயு செலுத்தியிருந்தால், அது முற்றிலும் கரையும்வரை விமானமும் கெந்திங், கேமரன் மலைப் பயணமும் கூடாது. உயரத்தில் வாயு விரிந்து பார்வையே போகக்கூடும்.

மீண்டும் தொடங்கும்போது

முதலில் நடை. பிறகு உட்கார்ந்தபடி லேசான எடை. தூக்கும்போது மூச்சை விடுங்கள், இறக்கும்போது இழுங்கள். பல்லைக் கடித்துத் தூக்கும் அந்தக் கடைசித் தடவையை விட்டுவிடுங்கள்.

மருத்துவரிடம் "எஸ்டேட் வேலை" என்று மட்டும் சொன்னால் போதாது. எத்தனை கிலோ தூக்குகிறீர்கள், அண்ணாந்து குலை வெட்டுகிறீர்களா என்று விளக்கி, லேசான வேலைக்குக் கடிதம் கேளுங்கள். வெட்டு வேலைக்குத் திரும்பியதும் பாதுகாப்புக் கண்ணாடி இல்லாமல் மரத்தடியில் நிற்காதீர்கள்.

கண்ணில் மின்னல் வெட்டினால், கரும்புள்ளிகள் திடீரெனப் பெருகினால், பார்வையில் திரை விழுந்தால் அடுத்த அப்பாயின்மென்ட் வரை காத்திருக்க வேண்டாம். அன்றைக்கே ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவுக்குப் போங்கள்.