உலுக்கப்பட்டவர்களின் தோழமை

மறுத்தவர்கள் – 12

1977 மார்ச் 16. பிராக் நகரின் பிரெவ்நோவ் கல்லறைத் தோட்டம். இறுதிச் சடங்கு நடந்துகொண்டிருக்கும்போதே தலைக்கு மேல் ஒரு ஹெலிகாப்டர் வட்டமடித்தது. பக்கத்துப் பந்தயத் திடலில் மோட்டார் சைக்கிள்கள் உறுமின. பிரார்த்தனை யார் காதிலும் விழவில்லை. ரகசியப் போலீஸார் கேமராவும் கையுமாக நின்று, வந்தவர்களின் முகங்களைப் படம்பிடித்தார்கள். இத்தனை ஏற்பாடும் ஆயுதப் போராளி ஒருவருக்காகவோ கட்சித் தலைவர் ஒருவருக்காகவோ அல்ல. இறந்து கிடந்தவர் 69 வயதுத் தத்துவப் பேராசிரியர் யான் பாடோச்கா.

ஒரு பேராசிரியரைப் பார்த்து அரசு ஏன் இவ்வளவு பயந்தது?

பாடோச்கா 1907-ல் துர்னோவ் என்ற ஊரில் பிறந்தவர். பாரிஸில் படித்த காலத்தில் தத்துவஞானி எட்மண்ட் ஹுஸ்ஸெர்லின் உரைகளைக் கேட்டார். பிறகு ஃப்ரைபுர்க் சென்று ஹுஸ்ஸெர்லிடமும் ஹைடெக்கரிடமும் பாடம் கேட்டார். யூதராகப் பிறந்த ஒரே காரணத்துக்காக ஹுஸ்ஸெர்லை ஜெர்மனி ஒதுக்கிவைத்திருந்தபோது, 1935-ல் அவரைப் பிராகுக்கு வரவழைத்துப் பேசவைத்ததில் இந்த மாணவருக்கும் பங்கு உண்டு.

அதன் பிறகு அவருடைய வகுப்பறைக் கதவு மூடுவதும் திறப்பதுமாகவே இருந்தது. 1939-ல் நாஜிகள் செக் பல்கலைக்கழகங்களை மூடினார்கள். போர் முடிந்து திரும்பியவரால், கம்யூனிஸ்ட் கட்சியில் சேர மறுத்ததால் 1949-க்குப் பிறகு கற்பிக்க முடியாமல் போனது. பதினேழாம் நூற்றாண்டுக் கல்வியாளர் கொமென்ஸ்கியின் ஏடுகளை ஆராய்ந்து காலம் தள்ளினார். கம்யூனிஸ்ட் பிடி சற்றுத் தளர்ந்த ‘பிராக் வசந்தம்’ 1968-ல் பேராசிரியர் நாற்காலியைத் திருப்பித் தந்தது. 1972-ல் கட்டாய ஓய்வு அதைப் பிடுங்கிக்கொண்டது. வகுப்பு, நண்பர்களின் வீட்டுக் கூடங்களுக்கு மாறியது. நூல்கள் தட்டச்சுப் பிரதிகளாகக் கைக்குக் கை போயின.

அவருடைய துறை, ஃபினாமினாலஜி எனப்படும் நிகழ்வியல். அறிவியலும் சித்தாந்தமும் விளக்கம் சொல்ல வருவதற்கு முன்பே நாம் வாழ்ந்துகொண்டிருக்கும் உலகம் நமக்கு எப்படித் தோன்றுகிறது என்று கேட்பது அது. மனித வாழ்வில் மூன்று இயக்கங்களைப் பாடோச்கா கண்டார். பிறரின் அரவணைப்பில் வேரூன்றுவது முதலாவது. பிழைப்புக்காக உழைப்பது இரண்டாவது. இந்த இரண்டுக்கும் என்ன பொருள் என்று கேட்கத் துணிவது மூன்றாவது. வரலாறும் அரசியலும் தத்துவமும் இந்த மூன்றாவதில்தான் பிறக்கின்றன என்பது 1975-ல் அவர் எழுதிய ‘வரலாற்றுத் தத்துவம் குறித்த சமயவிரோதக் கட்டுரைகள்’ நூலின் வாதம்.

அடுத்த ஆண்டு ‘பிளாஸ்டிக் பீப்பிள் ஆஃப் தி யுனிவர்ஸ்’ என்ற ராக் இசைக்குழுவினர் மீது வழக்கு நடந்தது. பிளேட்டோவில் ஊறிய இந்த முதியவர், நீண்ட முடி வைத்த அந்த இளைஞர்களுக்காக எழுதினார். அந்த வழக்கின் சூட்டில் உருவானதே ‘சாசனம் 77’. ஹெல்சிங்கி மாநாட்டில் ஒப்புக்கொண்ட மனித உரிமைகளைச் செக்கோஸ்லோவாகியா தன் மண்ணிலும் மதிக்க வேண்டும் என்பதே அதன் கோரிக்கை. நாடகாசிரியர் வாட்ஸ்லாவ் ஹாவெல், முன்னாள் வெளியுறவு அமைச்சர் யிர்ஸி ஹாயெக் ஆகியோருடன் பாடோச்காவும் சாசனத்தின் செய்தித் தொடர்பாளராக வேண்டும் என்று கேட்டபோது அவர் தயங்கினார். எதிர்ப்பில் தனக்கு மூத்தவரான விமர்சகர் வாட்ஸ்லாவ் செர்னியின் மனம் கோணக்கூடாது என்பது அவர் கவலை. ஹாவெல் போய் செர்னியின் சம்மதத்தை வாங்கி வந்தார்.

ஜனவரியிலேயே ஹாவெல் சிறைக்குப் போனார். பாரம் மற்ற இருவர் தோளில் ஏறியது. மார்ச் 1 அன்று, பிராக் வந்திருந்த டச்சு வெளியுறவு அமைச்சர் மாக்ஸ் வான் டெர் ஸ்டூலைப் பாடோச்கா சந்தித்தார். அடுத்து போலீஸின் நீண்ட விசாரணை, பிறகு மருத்துவமனை. மார்ச் 13 அன்று மூளையில் ரத்தக் கசிவால் இறந்தார்.

எழுத்தை மட்டும் போலீஸால் பிடிக்க முடியவில்லை. இவான் ஹ்வாதிக் முதலான மாணவர்கள் கையெழுத்துப் பிரதிகளை வீட்டிலிருந்து அப்புறப்படுத்தி, தட்டச்சு செய்து, 27 தொகுதிகளாக ரகசியமாகப் பரப்பினார்கள். 1990-ல் பிராகில் அவர் பெயரில் ஆவணக்காப்பகம் உருவானது. ஆங்கிலத்தில் ஒரு பெரிய தேர்வுத் தொகுப்பு 2022-ல் வந்தது.

முழு எழுத்தும் கைக்கு வந்ததும், ‘ஆயுளெல்லாம் ஏட்டோடு இருந்தவர் கடைசியில் திடீரென அரசியலில் குதித்தார்’ என்ற பழைய சித்திரம் ஆட்டம் கண்டது. ‘சுதந்திரத்தின் ஆபத்து’ என்ற நூலில் இத்தாலிய ஆய்வாளர் ஃப்ரான்செஸ்கோ தாவா, பாடோச்காவின் அறத்தையும் நிகழ்வியலையும் அரசியலையும் ஒரே சரடில் வைத்துப் படிக்கிறார். ஆஸ்பென் பிரின்டனின் 2021-ஆம் ஆண்டு நூல், காந்தியோடும் ஹிட்லரை எதிர்த்த பாதிரியார் போன்ஹோஃபரோடும் அவரை உரையாடவைக்கிறது.

ஆனால் அவரை மனித உரிமைப் போஸ்டருக்குள் அடைப்பதும் எளிதல்ல. அவருடைய புகழ்பெற்ற கருத்தான ‘உலுக்கப்பட்டவர்களின் தோழமை’ முதல் உலகப் போரின் பதுங்குகுழி அனுபவத்தைப் பற்றிய சிந்தனையில் பிறந்தது. வாழ்வு, அமைதி, நாளைய நலன் என்று சொல்லியே மனிதரைச் சாகடிக்கும் சக்திகளைக் கண்டு அதிர்ந்தவர்கள், எதிரணியில் நிற்பவனையும் தங்களைப் போல் அதிர்ந்தவனாக அறிகிறார்கள் என்கிறார் பாடோச்கா. இதில் வாக்குச்சீட்டும் இல்லை, ஆட்சித் திட்டமும் இல்லை. இதைக் கொண்டு ஜனநாயகம் கட்ட முடியுமா என்று ஆய்வாளர்கள் இன்றும் மல்லுக்கட்டுகிறார்கள். கட்ட முடியாமல் போகலாம். ஆனால் கேள்வி கேட்பதையே வாழ்க்கையாகக் கொண்டவர் சாசனத்தில் கையெழுத்திட்டது தத்துவத்திலிருந்து விலகி அல்ல. அதன் வழியிலேயே நடந்துதான் அங்கே போய்ச் சேர்ந்தார். புதிய ஆய்வுகளின் உருப்படியான பலன் இந்தத் தெளிவு.

ஹாவெல் 1978-ல் எழுதிய ‘அதிகாரமற்றவர்களின் அதிகாரம்’ கட்டுரை பாடோச்காவின் நினைவுக்கே காணிக்கையாக்கப்பட்டது. அதில் வரும் காய்கறிக் கடைக்காரரை அடுத்த வாரம் சந்திப்போம்.

(தொடரும்)