தொழுநோய்த் தடுப்பூசிக்கு வித்திட்ட உயிர்வேதியியலாளர் ஜி.பி. தல்வார்

புதுதில்லி: ‘மைக்கோபாக்டீரியம் இண்டிகஸ் பிரானி’. தொழுநோய்த் தடுப்பூசிக்கு அடிப்படையான இந்த பாக்டீரியாவின் பெயரில் இந்தியாவும், ‘பிரான்’ தல்வாரும், அவர் நிறுவிய தேசிய நோய் எதிர்ப்பியல் நிறுவனமும் (என்ஐஐ) இடம்பெற்றுள்ளன.

ஹிசாரில் 1926-ஆம் ஆண்டு பிறந்த ஜி.பி. தல்வார், பாரீஸின் சோர்போன் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார். தாயகம் திரும்பி, தில்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் உயிர்வேதியியல் துறையில் பணியாற்றினார். 1981-இல் உருவான என்ஐஐ-யின் நிறுவன இயக்குநராகப் பொறுப்பேற்றார். 1992-இல் அவருக்குப் பத்மபூஷண் விருது வழங்கப்பட்டது.

உடல் கண்டுகொள்ளாத ஒன்றை எதிர்க்க அதற்குக் கற்பிக்க முடியுமா என்பதே அவரது ஆய்வுகளின் மையக் கேள்வி.

தொழுநோயின் தீவிர வகையில், நோயாளியின் எதிர்ப்பணுக்கள் கிருமியை எதிர்த்துச் செயல்படுவதில்லை. அக்கிருமியை ஆய்வகத்தில் வளர்க்கவும் இயலாது. எனவே, அதை ஒத்த, நோய் உண்டாக்காத, எளிதில் வளரக்கூடிய வேறொரு பாக்டீரியாவைத் தல்வார் குழு தேர்ந்தெடுத்தது. வெப்பத்தால் கொல்லப்பட்ட அந்த பாக்டீரியாவை, வழக்கமான கூட்டு மருந்துகளுடன் சேர்த்துச் செலுத்தியபோது நோயாளிகளின் உடலில் இருந்த கிருமிகள் விரைவாக நீங்கின.

நோயாளிகளுடன் ஒரே வீட்டில் வசிப்போரைக் காக்க முடியுமா என்பதை அறிய, உத்தரப் பிரதேசத்தின் கான்பூர் தேஹாத் பகுதியில் பெரும் சோதனை நடைபெற்றது. அவர்களுக்கு மட்டும் தடுப்பூசி செலுத்தியபோது, 3 ஆண்டுகளுக்குப் பிறகு சுமார் 68 சதவீதமாக இருந்த பாதுகாப்பு, 9 ஆண்டுகளில் சுமார் 39 சதவீதமாகக் குறைந்தது. இதனால் ஊக்கத் தவணையின் அவசியம் உணரப்பட்டது.

அவரது மற்றொரு முயற்சி கருத்தடைத் தடுப்பூசி. கரு நிலைபெறத் தேவையான ஹெச்சிஜி ஹார்மோனை உடல் அந்நியப் பொருளாகக் கருதாது. அந்த ஹார்மோனின் ஒரு பகுதியை, நஞ்சு நீக்கப்பட்ட டெட்டனஸ் அல்லது டிப்தீரியா புரதத்துடன் இணைத்ததால், இரண்டுக்கும் எதிராக எதிர்ப்பான்கள் உருவாகின.

இந்தியாவில் 148 பெண்களிடம் நடத்தப்பட்ட சோதனையின் முடிவுகள் 1994-இல் வெளியாகின. போதிய எதிர்ப்பான்கள் இருந்த 1,224 மாதவிடாய்ச் சுழற்சிகளில் ஒரே ஒரு கர்ப்பம் மட்டுமே பதிவானது. எதிர்ப்பான் அளவு குறைந்ததும் கருவுறும் திறன் மீண்டது. ஆனால், ஏறத்தாழ 20 சதவீதப் பெண்களிடம் தேவையான அளவு எதிர்ப்பான்கள் உருவாகவில்லை. மரபணு மறுசேர்க்கை முறையில் திருத்திய வடிவம் பின்னர் உருவாக்கப்பட்டபோதிலும், இத்தடுப்பூசி பொதுப் பயன்பாட்டுக்கு வரவில்லை.

தொழுநோய்த் தடுப்பூசியோ ஆய்வகத்தைக் கடந்து, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பின் ஒப்புதலுடன் நோயாளிகளைச் சென்றடைந்தது. அதன் பாதுகாப்பை நீட்டிப்பதே எஞ்சியுள்ள சவால்.