பயணத்துக்கும் மூணு முடிச்சு!

ஜவ்வாது மலை. ஜமுனாமரத்தூரில் ஒரு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து திருதிருவென்று விழித்துக்கொண்டிருந்தேன். வயிற்றுக்குள் போனவை, ரெண்டு டீ, மூணு போண்டா. பாக்கெட்டில் இருந்தவை, ஒரு பேங்க் கார்டு, ஒரு செல்போன், ஒரே ஒரு பத்து ரூபாய் நாணயம்!

போனில் சிக்னல் இல்லை. ஏ.டி.எம்.மில் பணம் இல்லை. போளூருக்கு இறங்கும் பஸ்ஸோ ‘வர்றியா, இல்லையா?’ என்று உறுமிக்கொண்டிருந்தது.

இதே மலைத்தொடரில்தான் காவலூர் இருக்கிறது. 1986-ல் திறந்த 2.34 மீட்டர் டெலஸ்கோப், எத்தனையோ கோடானுகோடி கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து வரும் வெளிச்சத்தை அங்கே உட்கார்ந்து பிடித்துவிடுகிறது. என் கணக்கில் இருக்கும் பணம் மட்டும் மலையேற மாட்டேன் என்கிறது!

கடைக்கார அம்மாள் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “ஏந் தம்பி, இருக்கற காசையெல்லாம் ஒரே முடிச்சுலயா முடிஞ்சு வைப்பாங்க? எனக்கு முந்தானையில கொஞ்சம், சாமைப் பானையில கொஞ்சம், மக வீட்டுல கொஞ்சம். ஒண்ணு போனா இன்னொண்ணு இருக்கும்ல?”

சொல்லிக்கொண்டே முந்தானை முடிச்சை அவிழ்த்து, பஸ்ஸுக்கு நூறு ரூபாயும் கொடுத்தார். பி.காம். மூன்று வருஷத்தில் எனக்கு யாரும் சொல்லித் தராத பாடம்!

அடுத்த மாதமே அது தேவைப்பட்டது. அம்மாவை அழைத்துக்கொண்டு கொழும்பு, கோலாலம்பூர், சிங்கப்பூர் என்று ஒரு சுற்று. மூணு ஊர், மூணு காசு. சரி, மூணு முடிச்சு போட்டுவிடுவோம் என்று கிளம்பினேன்.

முதல் முடிச்சு, ரொக்கம். பெரும்பாலான நாடுகளுக்கு, ஒரு பயணத்துக்கு 3,000 அமெரிக்க டாலர் வரை நோட்டாக வாங்கிக்கொள்ள ரிசர்வ் வங்கி அனுமதிக்கிறது. அதற்காக அவ்வளவையும் இடுப்பில் கட்டிக்கொண்டு திரிய வேண்டாம். டாக்ஸிக்கும் சாப்பாட்டுக்கும் ரெண்டு நாளைக்கு ஆகிற அளவு போதும். ‘கமிஷன் இல்லை’ என்று போர்டு மாட்டியிருக்கும் கடைகளில் ஒரு நிமிஷம் நின்று, வாங்கும் விலையையும் விற்கும் விலையையும் பாருங்கள். கமிஷன் அந்த ரெண்டுக்கும் நடுவில் சௌகரியமாகப் படுத்திருக்கும்!

ரெண்டாவது முடிச்சு, பர்ஸில் ஒரு கார்டு. மூணாவது முடிச்சு, வேறு பேங்க்கின் கார்டு. அது அம்மாவின் கைப்பையில்.

கொழும்பில் வம்பில்லை. 2024 பிப்ரவரியிலிருந்து நம்ம யு.பி.ஐ. அங்கேயும் செல்லும். அம்மாதான் தோசை விலையைக் கேட்டு நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். “இலங்கை ரூபாய்ம்மா! நம்ம ஒரு ரூபாய்க்கு அவங்க மூணு ரூபாய்க்கு மேல வரும்” என்று சொன்ன பிறகுதான் சட்னியைத் தொட்டார்.

சோதனை கோலாலம்பூரில் வந்தது. ராத்திரி பத்து மணிக்கு அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்து, மணிக்கட்டு வீங்கிவிட்டது. ஆஸ்பத்திரி கவுன்ட்டரில், “முதல்ல டெபாசிட் கட்டுங்க” என்றார்கள். கார்டை நீட்டினேன். ம்ஹூம்! மறுபடி நீட்டினேன். ம்ஹூம்!

தப்பு யாருடையது என்கிறீர்கள்? சாட்சாத் என்னுடையதுதான். 2020-ல் ரிசர்வ் வங்கி போட்ட விதிப்படி, புதுசாகக் கொடுக்கும் கார்டு இந்தியாவுக்குள் மட்டும்தான் ஓடும். வெளிநாட்டு உபயோகத்தை நாம்தான் திறந்துவிட வேண்டும். நான் திறந்தேன். ஆனால் ரொம்பப் புத்திசாலித்தனமாக, ஒரு நாளைக்குப் பத்தாயிரம் ரூபாய்க்கு மேல் போகக்கூடாது என்று வரம்பும் வைத்திருந்தேன்! மாற்றலாம் என்றால் ஓ.டி.பி. வரவேண்டிய சிம்முக்கு ரோமிங் போடவில்லை.

வலியில் முனகிக்கொண்டே அம்மா, நல்ல கையால் தன் பையை நீட்டினார். மூணாவது முடிச்சு!

மெஷின் இப்போது ஒரு கேள்வி கேட்டது: ‘இந்திய ரூபாயிலா, ரிங்கிட்டிலா?’ இந்தப் பதற்றத்தில் யாருக்கும் ரூபாயைத்தான் அமுக்கத் தோன்றும். அமுக்காதீர்கள்! ரூபாய் என்றால், மாற்று விலையை அந்த மெஷின்காரர் வைப்பார். ஒரு ரிங்கிட் 20 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். 500 ரிங்கிட் பில் என்றால் பத்தாயிரம். உங்கள் பேங்க் மூன்றரை சதவிகிதம் கூடுதலாகப் போட்டாலும் 350 ரூபாய்தான், வரி தனி. மெஷின்காரர் 22 ரூபாய் விலை வைத்தால் ஆயிரம் ரூபாய் அம்பேல்! எந்த ஊரில் செலவோ, அந்த ஊர்க் காசிலேயே கட்டுங்கள்.

இன்னும் ரெண்டு விஷயம். கிரெடிட் கார்டைப் போட்டு ஏ.டி.எம்.மில் ரொக்கம் எடுத்தால், பொதுவாக அன்றைக்கே வட்டி ஓட ஆரம்பித்துவிடும். டாலர் மட்டும் நிரப்பிய ஃபாரெக்ஸ் கார்டை ரிங்கிட்டில் தேய்த்தால், மாற்றுக் கட்டணம் தனியாக விழலாம். வாங்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

அம்மாவுக்கு எலும்பு முறியவில்லை, சுளுக்குதான். கட்டோடு சிங்கப்பூரையும் பார்த்துவிட்டுத்தான் வந்தார்.

திரும்பி வந்ததும் முதல் வேலையாக ஜவ்வாது மலை ஏறி, நூறு ரூபாயோடு சிங்கப்பூர் சாக்லேட்டையும் கொடுத்தேன். அம்மாள் நோட்டை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டே கேட்டார்:

“பஸ்ஸுக்குக் காசு வச்சிருக்கியா தம்பி?”