கரடிக்கு எதிரே ஒரு கண்டம்

அண்டார்க்டிகாவுக்குப் பூர்வகுடிகள் கிடையாது. ஆகவே அந்த மண்ணில் பிறந்த பெயரும் அதற்குக் கிடையாது. 1820 ஜனவரியில் ரஷ்யாவின் பெல்லிங்ஸ்ஹவுசனும், சில நாள் இடைவெளியில் பிரிட்டனின் பிரான்ஸ்ஃபீல்டும் அந்தப் பனிக்கரையைக் கண்டார்கள். அதற்கு நெடுங்காலம் முன்பே பெயர் தயாராக இருந்தது. அதை வைத்தவர்கள் நிலத்தைப் பார்த்து வைக்கவில்லை. வானத்தைப் பார்த்து வைத்தார்கள், அதுவும் வடவானத்தை.

கிரேக்கத்தில் 'ஆர்க்டோஸ்' என்றால் கரடி. நாம் சப்தரிஷி மண்டலம் என்கிற ஏழு விண்மீன்களும் கிரேக்கர்களுக்குப் பெருங்கரடியின் உடலும் வாலும். கரடி நிற்கும் திசை ஆர்க்டிக். அதற்கு எதிர்ப்புறம் அண்டார்க்டிக். பனிக்கரடிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. வடக்கே பனிக்கரடி உண்டு, தெற்கே இல்லை என்பதால் பெயர் தற்செயலாகப் பொருந்திப் போனது.

அந்தக் காலக் கிரேக்க வானியலாளர்களின் 'ஆர்க்டிக் வட்டம்' இன்றைய வரைபடக் கோடும் அல்ல. ஓர் ஊரிலிருந்து பார்க்கையில் ஒருபோதும் மறையாத மீன்களைச் சுற்றி வானில் போட்ட வட்டம் அது. 'அண்டார்க்டிக் வட்டம்' அந்த ஊரில் ஒருபோதும் உதிக்காத மீன்களுக்கு உரியது. ஊர் மாறினால் வட்டமும் மாறும். 13 பாகை வட அட்சத்தில் இருக்கும் சென்னையில் மறையா வட்டத்தின் ஆரமும் 13 பாகைதான். நமக்குக் கரடி உதித்து மறைகிற ஒன்று. 38 பாகையில் இருக்கும் ஏதென்ஸிலோ, ஹோமர் காலத்தில் கரடியின் ஏழு மீன்களும் அடிவானத்தைத் தொடாமல் சுற்றி வந்தன. பூமியின் அச்சு பம்பரம் போலத் தலையாட்டி, ஒரு சுற்றுச் சுற்றிவரச் சுமார் 26,000 ஆண்டுகள் எடுத்துக்கொள்கிறது. அதனால் வடதுருவத்துக்கு நேரான புள்ளி வானில் இடம் மாறிக்கொண்டே இருக்கிறது. இன்று அதே ஏதென்ஸில் கரடியின் வால் நுனி மட்டும் சற்று நேரம் மூழ்கி எழுகிறது.

வேதகால இந்தியர்களும் இந்த ஏழு மீன்களையும் முதலில் கரடிகள் என்றே அழைத்திருக்கிறார்கள். சப்தரிஷிகளுக்கு முன்பு 'ருக்ஷர்' என்று பெயர் இருந்ததாகச் சதபத பிராமணம் சொல்கிறது. ருக்ஷம் என்றால் கரடி, ஜாம்பவான் ருக்ஷராஜன். ஆர்க்டோஸும் ருக்ஷமும் ஒரே இந்தோ-ஐரோப்பிய வேரின் கிளைகள் என்பது மொழியியலாளர் முடிவு. ஜாம்பவானுக்கும் அண்டார்க்டிகாவுக்கும் இப்படி ஓர் உறவுமுறை!

எதிர்க்கரடி என்ற எண்ணமும் நம்மிடம் உண்டு. திரிசங்குவுக்காக விசுவாமித்திரர் தென்வானில் வேறொரு சப்தரிஷி கூட்டத்தையே படைத்தார் என்கிறது வால்மீகி ராமாயணம்.

இன்று ஆங்கிலம், ரஷ்யன், இந்தி, தமிழ் எனப் பல மொழிகள் தெரிந்தோ தெரியாமலோ இந்தக் கரடியைச் சுமக்கின்றன. ஸ்பானிஷ் ஒரு மெய்யை உதிர்த்து 'அந்தார்த்திதா' ஆக்கிக்கொண்டது. பின்லாந்துக்காரர்கள் கரடியை அண்டவிடவில்லை. 'எதெலாமன்னெர்', தென்பெருநிலம், என்று சொந்தச் சரக்கையே வைத்தார்கள். சீனர்களின் 'நான்ஜி ஜோ' தென்கோடிக் கண்டம். அரபியில் அது 'குத்பு'க்குரிய தென்கண்டம். குத்பு என்றால் அச்சு, திரிகைக்கல்லின் நடுமுளை. குதுப் மினாரில் இருப்பதும் இதே சொல்தான்.

நமது 'தென்துருவம்' இன்னும் வேடிக்கையானது. துருவன் வடக்கே நிலைத்து நிற்கும் நட்சத்திரம். தென்துருவத்திலிருந்து அவனைப் பார்க்கவே முடியாது. அங்கே தலைக்கு நேரே இருக்கும் சிக்மா ஆக்டான்டிஸ் என்ற நட்சத்திரம், நல்ல இருட்டிலும் வெறுங்கண்ணுக்கு மங்கலாகத்தான் தெரியும்.

இந்தக் கண்டத்துக்குக் கிடைக்க வேண்டிய வேறொரு பெயர் கைநழுவியது. தெற்கே ஒரு பெருநிலம் இருந்தாக வேண்டும் என்று ஐரோப்பியர்கள் பல நூற்றாண்டுகளாக நம்பி, அதை 'டெர்ரா ஆஸ்திராலிஸ்' என்று அழைத்தார்கள். 1814-இல் ஆங்கிலக் கடலோடி மேத்யூ ஃபிளிண்டர்ஸ், ஆஸ்திரேலியாவுக்கும் தெற்கே அந்த அளவில் வேறு நிலம் இருக்க வாய்ப்பில்லை என்று தீர்மானித்து, அந்தப் பெயரை ஆஸ்திரேலியாவுக்கே சூட்டினார். ஆறே ஆண்டுகளில் அந்த வேறு நிலம் தென்பட்டது. 'அண்டார்க்டிக்' என்ற அடைமொழியும் அப்படி ஊர் சுற்றியதுதான்: 1555-இல் பிரெஞ்சுக்காரர்கள் வெக்கை அடிக்கும் ரியோ டி ஜெனிரோவில் அமைத்த குடியேற்றத்துக்கு 'அண்டார்க்டிக் பிரான்ஸ்' என்று பெயர். 1890-களில் ஸ்காட்லாந்து வரைபடக்காரர் ஜான் ஜார்ஜ் பார்த்தலோமியு பயன்படுத்திய பிறகே அண்டார்க்டிகா என்பது கண்டத்தின் பெயராக நிலைபெற்றது.

வடக்கை வைத்துத் தெற்குக்குப் பெயரிடும் பழக்கம் நம்மையும் விடவில்லை. 1983-84 காலத்தில் இந்தியா அங்கே அமைத்த முதல் நிலையத்தின் பெயர் 'தக்ஷிண கங்கோத்ரி', தென்கங்கோத்ரி. சில ஆண்டுகளிலேயே அது பனிக்குள் புதைந்து கைவிடப்பட்டது. அடுத்து வந்த மைத்ரிக்கும் பாரதிக்கும் திசை ஒட்டு எதுவும் வைக்கவில்லை.